பிடரி

பதினொரு வருடம் எஜிதியோ க்ராவோஸின்
பிடரியைப் பார்த்தே பிழைத்தவன் நான்.
அவன் எட்டாம் எண். நான் ஐந்து.
அவனுக்கும் எங்கள் கோல்கம்பத்துக்கும் நடுவில்
என்னுடைய தடித்த முழங்கால்கள்தான்.

எல்லாரும் பின்னங்கால் பிடரியில் பட ஓடுவார்கள்.
அவன் நடப்பான்,
வாங்கும் எண்ணமில்லாமல் மீன் விலை கேட்பவன் மாதிரி.
பந்து வந்து சேரச் சற்று முன்னால்
தோளுக்கு மேலே பின்பக்கம் ஒரு பார்வை.
அரை இமைப்பு.
அதற்குள் நான் அவனுக்கு ஒரு சொல் தரவேண்டும்.
"ஊமோ" என்றால் ஆள் வருகிறான், உதை.
"சோலோ" என்றால் தனியாக இருக்கிறாய்,
அவசரமில்லை, திரும்பிக்கொள்.

எண்ணாயிரம் தடவையாவது சோலோ சொல்லியிருப்பேன்.
என் மனைவியிடம் அவ்வளவு ஆறுதலாக
எதையும் சொன்னதில்லை.

ட்ரியெஸ்தேயில் போரா அடித்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள், பிடித்து நடக்க.
அந்தக் காற்றிலும் முப்பது மீட்டருக்குத்
தரையோடு தரையாக, புல்லுக்கே தெரியாமல் ஒரு பாஸ்.
செர்வோலா இரும்பாலை தூசி கக்கும்;
இடைவேளைக்குள் வெள்ளைச் சட்டைகள் செங்கல் நிறம்.
அவன் சட்டை மட்டும் வெள்ளையாகவே... இல்லை,
பொய் சொல்லக்கூடாது. அதுவும் செங்கல்தான்.

பிறகு துரின். பிறகு கோப்பைகள்.
நீலச் சட்டையில் நாற்பத்தொரு ஆட்டம்.
டிவியில் பார்க்க எனக்கு எரிச்சல்:
அவன் முகத்தையே காட்டினார்கள்.
ஓர் அரையிறுதியில் பார்த்தான், பார்த்தும் பறிகொடுத்தான்.
காபிக் கிடங்கில், சணல் மூட்டைகளுக்கு நடுவில்,
"ஊமோ!" என்று கத்தினேன்.
எண்ணூறு கிலோமீட்டர்.
எந்தக் குரல் போய்ச் சேரும்?

ஐம்பத்திரண்டில் மேனேஜராகத் திரும்பி வந்தான்.
நடுமைதானம் முழுக்க ஆண்டவனுக்குச்
சுண்ணாம்புக் கோட்டில் ஒரு பெட்டி.
எட்டாம் எண்காரனுக்கு எட்டே எட்டில் தீரும் இடம்.
தோளுக்கு மேலே பார்க்கும் பழக்கம் போகவில்லை.
பின்னால் பெஞ்ச் இருந்தது,
அதில் ஏழு முகங்கள்.
அவை எதையும் சொல்லவில்லை. கேட்டன.

முதல் வருடம் மேலே ஏறினோம்.
மூன்றாம் வருடம், கடைசி ஞாயிறு,
தோற்றால் கீழ்ப் பிரிவு.
மே மாதத்தில் வரக்கூடாத போரா.
எழுபதாவது நிமிடம்
பந்து கோட்டோரம் உருண்டு அவனிடம் வந்தது.
சாம்பல் சூட். தோல் காலணி.
தோளுக்கு மேலே அரை இமைப்பு,
முதல் தொடுகையிலேயே அனுப்பினான்:
நாற்பது மீட்டர், வலது விங்கரின் ஓட்டத்துக்கு
ஓரடி முன்னால்.
அரங்கமே எழுந்து நின்றது. நானும்.
அந்த சீசனில் அதைவிட நல்ல பாஸ் யாரும் போடவில்லை.

விசில்.
பந்து கோட்டை முழுசாகத் தாண்டியிருக்கவில்லை.
ஆட்டத்தில் இருந்த பந்து.
நடுவர் உதினேக்காரர், சின்ன வயது,
சிவப்பு அட்டையைக் கூச்சத்தோடு எடுத்தார்,
தப்பான கல்யாணத்துப் பந்தியில் உட்கார்ந்தவரை
எழுப்புகிற மாதிரி.

படியேறி வந்து எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்தான்.
நீவெஸ் தன் பூசணி விதைப் பொட்டலத்தை
மடியில் எடுத்துக்கொண்டு இடம் விட்டாள்.
முடி வெளுத்திருந்தது.
சவரக்கத்தி தவறவிட்ட ஓரிடம்.
ஆனால் அதே பிடரி. இடப்பக்கம் அதே தழும்பு,
பதூவாவில் எவனோ கீறியது.

எண்பத்தெட்டில் எங்கள் வலையில் கோல் விழுந்தது.
பெஞ்சில் இருந்த ஏழு பேரும் அண்ணாந்து அவனைப் பார்த்தார்கள்.
அவன் யாரைப் பார்ப்பான்?
தோளைத் திருப்பினான்.

முப்பது வருடமாக என் வாயில் இரண்டே சொற்கள்.
ஆள் வருகிறான் என்பதா,
தனியாக இருக்கிறாய் என்பதா?
அன்றைக்கு இரண்டுமே உண்மை.
நான் முடிவெடுப்பதற்குள்
அவன் மைதானத்தின் பக்கம் திரும்பிவிட்டான்.

நீவெஸ் பொட்டலத்தை நீட்டினாள்.
ஒரு பிடி எடுத்தான்,
பாதியை, பார்க்காமலே,
பின்னால் நீட்டினான்.